இரண்டு பேருக்கு ஒரு வேலை

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுநாளாக வேலை பார்க்கிறேன். அதில் கடைசி மூன்றரை வருடங்கள் அரை நாள் வேலை. எங்கள் மருத்துவமனையில் அதற்கு முன் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அதைக் கேட்டு வாங்கியவர் என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா.

அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் மீன் விற்கும் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. கீழ்க்கட்டளையில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். நான் செம்பாக்கம். அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். வீட்டில் குரல் உயர்த்திப் பேசியே பழக்கம் இல்லை. அக்கா சிரித்தால் ரத்தம் எடுக்கக் காத்திருக்கும் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று என் கணவருக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

கொரோனா ஓய்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நாட்களில் ஓடிய ஓட்டத்தின் களைப்பு உடம்பிலிருந்து இறங்கவே இல்லை. ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும். வயதான ஒருவர் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை குத்தியும் எனக்கு நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது முறை ஊசியை எடுத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா எழுந்து வந்தார். ஊசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இன்னா அண்ணா, காலைல தண்ணியே குடிக்காம வந்துட்டியா?" என்று பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தபடியே விரல் நுனியால் முழங்கை மடிப்பைத் தடவினார். கண்ணால் தேட மாட்டார், விரலால்தான் தேடுவார். பெரியவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறிவிட்டது.

டீ நேரத்தில் என்னைப் பின்னறைக்கு இழுத்துப்போய் உட்கார வைத்து, பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. "கைய நீட்டு" என்றார்.

"எதுக்குக்கா?"

"ஊர்ல கீறவங்க ரத்தத்தையெல்லாம் பாக்குறோம். உன் ரத்தத்த கடைசியா எப்போ பாத்தே?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கும் அவருடையது ஞாபகம் இல்லை. அவர் எனக்கு எடுத்தார், நான் அவருக்கு எடுத்தேன். மத்தியானம் எல்லாருடைய சாம்பிள்களோடு எங்களுடையதையும் போட்டோம். எனக்கு ரத்தம் குறைவு. பிரஷர் ஏற்கெனவே எகிறியிருந்தது. அவருக்கு மூன்று மாதச் சராசரிச் சுகர் நாங்கள் சிவப்புக் கோடு போட்டு டாக்டருக்கு அனுப்பும் அளவில் இருந்தது. கால் வீக்கம், முட்டி வலி எல்லாம் இருவருக்கும் பொது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "ரெண்டு பேரையும் சேத்தாக்கூட ஒரு ஆளு தேற மாட்டோம் போலக் கீதே!"

நான் சிரிக்கவில்லை. வேலையை விட்டுவிடச் சொல்லி வீட்டில் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஐம்பத்து நான்கு. மருத்துவமனையில் ஐம்பத்தெட்டு வரை இருக்கலாம். விட்டுவிடலாமா என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து ஒரு ஸ்லைடை மெல்ல நகர்த்தும்போது எனக்குள் ஏற்படும் அமைதி வேறு எதிலும் ஏற்பட்டதில்லை. அதை விட மனம் வரவில்லை. இதையெல்லாம் அன்று அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அக்கா இரண்டு தாள்களையும் மடித்துச் சேர்த்து வைத்தார். பிறகு, "நான் தமாசுக்குச் சொன்னேன். ஆனா நெசமாவே ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா இருந்துட்டா இன்னா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஒரு வேலையை இருவரும் பங்கு போட்டுக்கொள்வது. காலையில் அவர், மத்தியானம் நான். சம்பளம் ஆளுக்குப் பாதி. காலியாகும் இன்னொரு இடத்துக்குப் புதிதாக ஆள் எடுத்துக்கொள்ளட்டும். ஓய்வு வயது வரும்வரை அப்படியே ஓட்டிவிடுவது.

"குடுக்கவே மாட்டாங்கக்கா."

"கேட்டாத்தானே குடுக்க மாட்டாங்க? கேக்காமயே குடுக்க மாட்டாங்கன்னு நீயே சொல்லிகினு கீறே."

நிர்வாக அதிகாரி எங்கள் பிள்ளைகள் வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், ஃபுல் டைம் இருக்கு, கான்ட்ராக்ட் இருக்கு. நீங்க சொல்றதுக்கு ஃபார்மே கிடையாது" என்றார். நான் எழுந்துகொள்ளத் தயாரானேன். அக்கா நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்தார்.

"சார், காலைல ஏழு மணிலேந்து பதினொன்ற வரைக்கும் நான். பதினோரு மணிலேந்து மூன்ற வரைக்கும் இவங்க. நடுவுல அரை மணி நேரம் ரெண்டு பேரும் இருப்போம், கைமாத்திக்க. எனக்கு ஒடம்பு சரியில்லன்னா இவங்க முழு நாள் பாப்பாங்க. இவங்களுக்கு சரியில்லன்னா நான். இப்போ ஒருத்தி லீவு போட்டா ஆளத் தேடி ஓடுறீங்களே, அந்தப் பேஜாரே இல்ல."

அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். கடைசியில் சிக்கியது மருத்துவக் காப்பீட்டில். முழு நேர ஊழியர்களுக்கு மட்டும்தான் அது என்று விதி இருந்தது. எங்கள் வயதில், எங்கள் ரிப்போர்ட்டுகளோடு, காப்பீடு இல்லாமல் எப்படி இருப்பது? அதை விட்டுக்கொடுக்க முடியாது என்று அக்கா நின்றார். "ஒடம்பு கெட்டுப்போவக் கூடாதுன்னுதான் சார் பாதி நாள் கேக்குறோம். அதுக்கு இன்ஷூரன்ஸ எடுத்துட்டீங்கன்னா இன்னா அர்த்தம்?"

எங்கள் பிரிவின் தலைமை டாக்டர் எங்கள் பக்கம் பேசினார். அக்காவைப் போல நரம்பு பிடிக்க ஆள் கிடையாது, நான் பார்த்துக் கொடுத்த ஸ்லைடை மறுபடி பார்க்கத் தேவைப்பட்டதே இல்லை என்று நிர்வாகத்துக்கு எழுதியே கொடுத்தார். நான்கைந்து வாரம் இழுத்த பிறகு, காப்பீடு இருவருக்கும் தொடரும், மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று அனுமதி வந்தது.

முதல் நாள் காலை ஆறரைக்கே குளித்து, புடவை கட்டி, போக இடமில்லாமல் சமையலறையில் நின்றேன். ஏதோ தப்புச் செய்தவள் போல இருந்தது. என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "பத்து மணிக்குத்தானே கிளம்பணும்? கொஞ்சம் உட்காரு" என்றார். எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. செம்பாக்கம் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். பல வருடங்களாக அந்த ஏரியைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

கூடத்தில் இளைய பெண்கள் எங்களை 'ஹாஃப் டே ஆன்ட்டி' என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். "ஆமா கண்ணு, ஒனக்கும் அம்பத்தஞ்சு வரும், அப்போ வந்து என்கிட்டக் கேளு" என்றார்.

இரண்டு மாதத்தில் எனக்கு மாற்றம் தெரிந்தது. பிரஷர் மாத்திரை நிற்கவில்லை, ஆனால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் செருப்பு காலில் இறுகவில்லை. இரவு படுத்தால் தூக்கம் வந்தது. எல்லாவற்றையும்விட, மத்தியானம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும்போது கண் புதிதாக இருந்தது. முன்பெல்லாம் மூன்று மணிக்கு மேல் ஒரு ஸ்லைடை நம்பிக்கை இல்லாமல் இரண்டு முறை பார்ப்பேன். இப்போது ஒரு முறை போதும்.

என் சந்தோஷத்தில் நான் அக்காவைச் சரியாகக் கவனிக்கவில்லை. அவர் மெலிந்துகொண்டே போனார். சுகர்காரர்கள் மெலிவது நல்லதல்ல என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள் பதினோரு மணிக்கு நான் உள்ளே நுழைந்தபோது அவர் முக்காலியில் உட்கார்ந்தபடியே சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டதும் திடுக்கிட்டு எழுந்தார். மூன்றாவது மாத முடிவில் ஏற்பாடு தொடரலாம் என்று நிர்வாகம் சொன்னது; அதே வாரம் இருவரும் மறுபடி ரத்தம் பார்த்தோம். என் தாள் தேறியிருந்தது. அவருடையது முன்பிருந்ததைவிட மோசம்.

"அக்கா, மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடறேம்மா."

"சாப்பாடு?"

அவர் குழாய்களை அடுக்க ஆரம்பித்தார். நான் விடவில்லை. மெல்ல மெல்ல வந்தது. அக்கா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று ஆனதும் வீடு தன்னை மாற்றிக்கொண்டிருந்தது. பேத்தியை மாலை வரை பார்த்துக்கொள்ளும் இடத்தை நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். பதினொன்றரைக்கு இங்கிருந்து கிளம்பி, ரயிலில் பல்லாவரம் போய், ஷேர் ஆட்டோ பிடித்து, நேராகப் பள்ளிக்கூட வாசலில் குழந்தையை அழைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, ஊட்டி, துணி துவைத்து, ராத்திரி சமையலையும் முடித்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மீந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முழு நாள் வேல செஞ்சப்போ எட்டு மணி நேரந்தான் வேல. அரை நாள் ஆனப்புறம் பதினாறு மணி நேரம். பேசாம பழையபடி முழு நாளே வந்துடட்டா?" என்றார். அதைச் சொல்லும்போதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரிசையைத் திரும்பிப் பார்க்க வைக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மகன் கெட்டவன் இல்லை, எனக்கு நன்றாகத் தெரிந்த பையன். யாரும் அவரை வேலை வாங்கவில்லை. கையில் நேரம் இருக்கும் ஒரு பெண்ணிடம் வேலைகள் தானாக வந்து சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். என் வீட்டில் பிள்ளைகள் வெளியூரில், கணவர் ஓய்வு பெற்றவர், அவரே சோறு வடித்து வைப்பார். அதனால் எனக்குக் கிடைத்த அரை நாள் எனக்கே கிடைத்தது.

"நீங்க முழு நாள் வந்தா நான் வேலைய விட்டுடுவேன்" என்றேன். அவ்வளவு காரமாக நான் அவரிடம் பேசியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகக் கீழ்க்கட்டளை வரச் சொன்னார் அக்கா. போனேன். சாப்பாட்டு மேசையில் மகனும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது. அக்கா தன் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் மேசையில் விரித்தார். கவுன்டரில் நோயாளிகளுக்கு விளக்கும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"இது நாலு மாசத்துக்கு முன்னாடி. இது இப்போ. இந்த நம்பர் ஏறிச்சுன்னா மொதல்ல கண்ணு போவும், அப்புறம் கிட்னி, அப்புறம் காலு. இவங்களுக்கும் எனக்கும் ஒரே வேல, ஒரே அளவு நேரம். இவங்களுக்கு எறங்கிக் கீது, எனக்கு ஏறிக் கீது. ஏன்னு நீங்களே சொல்லுங்க."

மகன் தாளைப் பார்த்தான். "இன்னாம்மா இது, சொல்லவே இல்ல? மத்தியானம் வூட்லதானே கீறே, சும்மாதானே கீறேன்னு நெனச்சோம்."

"சும்மா இருக்கத்தான்டா பாதி சம்பளத்த வுட்டேன்!"

குழந்தை தலையைத் தூக்கிப் பாட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி வரைந்தது. அக்காவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தணியவில்லை. "பேத்திய பாக்க மாட்டேன்னு சொல்லலடா. அவ என் உசுரு. சாய்ங்காலம் நாலு மணிக்கு மேல எவ்ளோ வேணாலும் பாக்குறேன். பன்னெண்டு மணிலேந்து நாலு மணி வரைக்கும் நான் வேலைக்குப் போயிட்டேன்னு நெனச்சுக்கோங்க."

எதிர்ப்பு வரும் என்று மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, நீங்களா ஆசைப்பட்டுச் செய்றீங்கன்னு நெனச்சேன். எங்கம்மாவும் இப்படித்தான் செஞ்சாங்க, ஒண்ணுமே சொல்லாம. கடைசில சுகர்ல கால் விரல எடுத்தாங்க" என்றாள். பிறகு கணவனிடம் திரும்பி, "நாளைக்கே அந்த டே கேர்ல பேசுங்க. ராத்திரி சமையல் இனிமே நம்ம ரெண்டு பேர்து" என்றாள்.

அன்று பேருந்தில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நிர்வாகத்திடம் கேட்பதற்குத் தைரியம் வேண்டும்தான். ஆனால் பெற்ற பிள்ளையிடம் 'எனக்கு ஓய்வு வேண்டும்' என்று சொல்வது அதைவிடப் பெரிய காரியம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மாத்திரையைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

முதல் ஒரு மாதம் அக்கா மத்தியானம் முழுவதும் தூங்கினார். பிறகு தூங்கித் தீர்ந்தது போல, ஒருநாள் என்னைப் போனில் கூப்பிட்டு, "நீச்சல் கத்துக்கப் போறேன்" என்றார். மேடவாக்கம் பக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் மத்தியானம் பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் உண்டு. முட்டி வலிக்குத் தண்ணீரில் நடப்பது நல்லது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"கடற்கரையில பொறந்துட்டு நீச்சல் தெரியாதாக்கா?"

"ஆம்பளைங்கதாம்மா கடலுக்குப் போவாங்க. நாங்க கரையில மீனு வித்துகினு இருந்தோம். முட்டிக்கு மேல தண்ணில எறங்குனதில்ல."

எனக்கு வார விடுமுறை வந்த ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். முழுக்கை நீச்சல் உடை, தலையில் ரப்பர் தொப்பி. கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேருக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுக்கும் பெண் கையை விடச் சொன்னபோதெல்லாம் 'ஐயோ' என்று கத்தினார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கையை விட்டார். மூழ்கினார், தண்ணீரைக் கக்கிக்கொண்டு எழுந்தார், மறுபடி விட்டார். ஐம்பத்தாறு வயதில், முப்பது வருடத்துக்கு மேல் நின்ற கால்களோடு, அவர் அப்படி அடித்துக்கொண்டிருந்ததை நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் குளத்தின் அகலத்தைத் தனியாகக் கடந்துவிட்டார்.

சுகர் இறங்க அரை வருடத்துக்கு மேல் ஆனது. ஒரேயடியாக இறங்கவும் இல்லை. தீபாவளிக்கு ஏறியது, பேத்திக்கு அம்மை வந்தபோது ஏறியது. ஆனால் ஒரு கட்டத்தில் டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். முட்டி வலி முழுதாகப் போகவில்லை. படியை ஒவ்வொன்றாகத்தான் ஏறுவார். வேலை குறைந்ததால்தான் இதெல்லாம் என்று சொல்லிவிட முடியாது. குறைந்த நேரத்தை யாரிடமும் கொடுக்காமல் அவர் வைத்துக்கொண்டதால் என்றுதான் சொல்வேன்.

நடுவில் எனக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை நடந்தது. பேசியபடி மூன்று வாரம் அக்கா முழு நாள் பார்த்தார். நான் திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "வாய மூடு. மூணு வாரம் உன் மைக்ராஸ்கோப்ப யாரையும் தொட வுடல" என்றார்.

ஐம்பத்தெட்டு முடிந்து அவர் ஓய்வு பெற்றபோது பெரிய விழா எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். கேக் வெட்டினோம். வேலையை விட்டதும் பலர் ஒடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பயம் எனக்கு இருந்தது. அவருக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. பாதி நாள் வீட்டில் எப்படி இருப்பது என்பதை இரண்டு வருடம் பழகியிருந்தார், மீதிப் பாதியும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவருடைய காலை நேரத்துக்குக் கைக்குழந்தை உள்ள ஓர் இளம் பெண்ணை எடுத்தார்கள். அவளுக்கும் அரை நாள்தான் தோதாக இருந்தது.

போன மாதம் பெண்கள் வார்டில் ஆயாவாக இருக்கும் ஓர் அம்மா மத்தியானம் என்னைத் தேடி வந்தார். வயது ஐம்பத்தாறு. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. "நீங்க செஞ்சாப்புல எங்களுக்கெல்லாம் குடுப்பாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார். எங்கள் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் கொடுத்தார்கள். அவர் வேலைக்கு வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை பத்தரை மணிக்கு அவரே வந்து நின்றார். கேன்டீனில் அந்த அம்மாவை எதிரில் உட்கார வைத்து, "உன்னோட இன்னும் யாருக்கு இடுப்பு வலி கீது?" என்று முதல் கேள்வி கேட்டார். இரண்டு பேர் இருப்பதாக அந்த அம்மா சொன்னார். "அவங்களயும் கூட்டினு வா, மூணு பேராப் போவலாம்" என்றார் அக்கா.

நிர்வாகம் பாதி நாள் தரவில்லை. பேசிப் பேசி, மூவருக்கும் தூக்குகிற வேலை இல்லாத வார்டும், வாரத்துக்கு இன்னொரு நாள் விடுமுறையும் கிடைத்தன. அந்த அம்மாவுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அக்காவுக்குத்தான் போதவில்லை. பொங்கல் கழித்து மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பல்லாவரம் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார்.